ஸ்டியரிங்கும் விதை மாதிரிதான்

டிரைவர் இல்லாத லாரி சரக்கோடு ரோட்டுக்கு வந்துவிட்டது. அமெரிக்காவின் டெக்சாஸில், டல்லாஸுக்கும் ஹூஸ்டனுக்கும் நடுவே, அரோரா என்ற கம்பெனி 2025இல் இதைத் தொடங்கியது. 'தக்காளி ஏத்துற நமக்கு இது எதுக்குங்க?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்.

அங்கே டிரைவர்களின் பெரிய சங்கமான டீம்ஸ்டர்ஸ் கேட்பது ஒன்றுதான்: கனரக வண்டி தானாக ஓடினாலும் சீட்டில் பயிற்சி பெற்ற ஆள் ஒருவர் இருக்க வேண்டும். 2023இல் கலிபோர்னியா சட்டமன்றத்தின் இரு அவைகளும் அப்படி ஒரு மசோதாவை நிறைவேற்றின. ஆளுநர் கவின் நியூசம் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

நம்ம ஊர் லோடு வண்டிக்காரர்களிடம் இதைச் சொன்னால் முதலில் சிரிக்கிறார்கள். ராங் சைடில் வரும் பைக்கையும் ரோட்டை அடைத்து நிற்கும் ஆட்டு மந்தையையும் கம்ப்யூட்டர் சமாளிக்கட்டும் பார்க்கலாம் என்கிறார்கள். கொஞ்சம் பேசினால் சிரிப்பு நின்றுவிடுகிறது. கிளீனர் வேலை காணாமல் போனதைப் பார்த்தவர்கள் அவர்கள். டிரைவர் இல்லாத வண்டியை இந்தியாவில் விடமாட்டேன் என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி சொல்லியிருக்கிறார். நல்லதுதான். ஆனால் அமைச்சர் பேச்சு சட்டம் ஆகாதுங்களே.

அந்த அரோராவின் வியாபாரத்தைக் கவனியுங்கள். வண்டி யாருடையதாக இருந்தாலும், ஓட்டும் மென்பொருளுக்கு மைலுக்கு இவ்வளவு என்று கட்டணம். ஒரே ஒரு லாரி வைத்து, தானே ஓட்டிப் பிழைக்கிற ஓனர் என்ன ஆவார்? ஓட்டத் தெரிந்த கை சும்மா இருக்க, ஓடும் ஒவ்வொரு மைலுக்கும் கப்பம் கட்டுவார். நமக்கு இது புதுசா? வீட்டுக் குதிரில் இருந்த விதை கடைப் பாக்கெட்டுக்குப் போனபோது நடந்ததும் இதுதானே. விதையோடு சேர்ந்து விதை எடுக்கும் அறிவும் போச்சு, வருசா வருசம் காசும் போச்சு.

அதற்காக, இன்றைய டிரைவர் பிழைப்பு சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை என்றது 1961ஆம் ஆண்டுச் சட்டம். எந்த லாரியில் நடந்தது? தூக்கம் கெட்டு, குடும்பத்தைப் பிரிந்து ஓட்டுகிறவர்கள், 'எம் பையனுக்கு இந்தப் பொழப்பு வேண்டாம்' என்கிறார்கள். புதிதாகத் தயாராகும் லாரிகளில் ஏசி கேபின் கட்டாயம். கண் அசந்தால் எச்சரிக்கும் கருவியும் வரட்டும். டிரைவருக்குத் துணையாக வருகிற இயந்திரத்தை யாரும் எதிர்க்கவில்லை. அவரை இறக்கிவிட்டு, லாபத்தை எங்கோ கொண்டுபோகிற இயந்திரத்தைத்தான் எதிர்க்கிறோம்.

மழை வந்தால் தார்ப்பாய் இழுத்துக் கட்டுகிறவரும், தக்காளி கசங்காமல் கொண்டுபோய்ச் சேர்க்கிறவரும் அவர்தான். நம் கூட்டங்களுக்கு டிரைவர்களையும் அழைப்போம். 'கனரக வண்டியில் ஆள் கட்டாயம்' என்று அவர்கள் சட்டம் கேட்கும்போது கூட நிற்போம். அதுவரைக்கும் ஒன்று செய்யலாம். அடுத்த லோடுக்கு வண்டி வரும்போது, அவர் குளிக்கத் தண்ணீரும், கட்டை சாய்க்க நிழலில் ஒரு கட்டிலும் கொடுங்கள்.