கட்டம் இருக்கிறது, கதவு திறக்கவில்லை

தோழர்களே,

சித்தேரி மலையில் படிக்கும் ஒரு மலையாளிப் பழங்குடிப் பிள்ளையின் பாடநூலைப் புரட்டிப் பாருங்கள். பக்கத்தில் ஒரு கறுப்பு வெள்ளைக் கட்டம் இருக்கும். 2018இல் வந்த புதிய பாடநூல்களில் சேர்க்கப்பட்ட கியூஆர் கோடு அது. ஸ்கேன் செய்தால் ஒன்றிய அரசின் தீக்‌ஷா தளத்தில் பாடம் திறக்கும். புத்தகம் இலவசம். கட்டத்தைத் திறக்கத் தேவையான போனும் டேட்டாவும் சிக்னலும் அந்த வீட்டின் தலையில்.

தொழில்நுட்பத்துக்குச் சாதி கிடையாது என்கிறார்கள். நாங்கள் ஏற்கவில்லை. எந்த ஆப்பும் ஒரு 'யூசரை' மனதில் வைத்தே கட்டப்படுகிறது. அந்த யூசருக்குச் சொந்தப் போன் உண்டு, தனி அறை உண்டு, ஓடிபி வந்தால் எடுத்துச் சொல்ல வீட்டில் படித்தவர் உண்டு. அவர் யார் வீட்டுப் பிள்ளை என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

2017-18 தேசிய மாதிரி ஆய்வின்படி, இணைய வசதி இருந்தது கிராமப்புறத்தில் 100க்குச் சுமார் 15 வீடுகளில். கணினி இருந்தது சுமார் 4 வீடுகளில். அரசே எடுத்த இந்தக் கணக்கு கையில் இருக்கும்போதுதான் 2020இல் வகுப்புகளை இணையத்துக்கு மாற்றினார்கள். ஜூன் 1, முதல் நாளே, கேரளத்தின் மலப்புரத்தில் தலித் பள்ளி மாணவி ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். வீட்டில் டிவி பழுது, ஸ்மார்ட்போன் இல்லை. அப்பா தினக்கூலி.

"டவுன்லோடு செய்து வைத்துக்கொள்ளலாமே" என்பார்கள். முதல் டவுன்லோடுக்கே சிக்னல் வேண்டும். இருக்கும் ஒரே போனும் காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும்.

மலைக்கு வர வழியில்லை என்று அரசு சொல்ல முடியாது. 1992 ஜூன் 20 அன்று இதே மலையடிவாரத்து வாச்சாத்திக்கு வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் திரண்டு வந்தன. 2011இல் 215 பேர் தண்டிக்கப்பட்டார்கள். சூறையாட வழி தெரிந்த அரசுக்குப் பாடம் கொண்டுவர வழி தெரியாதா?

எங்கள் கோரிக்கை எளியது. சிக்னல் இல்லாமல் பாடம் திறக்க வேண்டும். பள்ளியிலேயே மெமரி கார்டில் ஏற்றித் தர வேண்டும். ஒரே போனில் மூன்று பிள்ளைகள் படிக்க முடிய வேண்டும். எழுத்துக்கூட்டிப் படிக்கும் அம்மாவுக்கும் தமிழ்க் குரல் வழிகாட்ட வேண்டும். எந்த ஆப்பும் ஆசிரியர் பணியிடத்தைக் காலியாக வைக்கச் சாக்காகக் கூடாது.

கணினி படிக்கும் தோழர்களே, உங்கள் புராஜெக்டை ஏசி லேபில் மட்டும் சோதிக்காதீர்கள். சித்தேரிக்கு எடுத்து வாருங்கள். இங்கே திறக்காத ஆப் தேர்வில் தோற்ற ஆப். பிள்ளைகள் தோற்கவில்லை.

ஜெய் பீம்.