பழைய சுருளில் ஒரு புதிய படம்

1953ஆம் ஆண்டில் ஆங்கிலத் திரையுலகின் புகழ்பெற்ற நடிகை விவியன் லீ இலங்கைக்கு வந்தார். ‘எலிபன்ட் வோக்’ என்னும் படத்தில் தேயிலைத் தோட்டத் துரை ஒருவரின் மனைவியாக நடிப்பதற்காகவே வந்தார். இங்கே சில காட்சிகள் எடுக்கப்பட்ட பின்னர் அவர் நோயுற்றார். அவருக்குப் பதிலாக எலிசபெத் டெயிலர் அமர்த்தப்பட்டு வேலை தொடர்ந்தது. ஆயினும் இலங்கையில் எடுத்த சுருளை வீசியெறியப் படக் கம்பனிக்கு மனம் வரவில்லை. 1954இல் படம் வெளிவந்தபோது, தொலைவில் தெரியும் கதாநாயகி சிலவிடங்களில் விவியன் லீயாகவே இருந்தார். அருகில் வந்து பேசியவரோ எலிசபெத் டெயிலர். ஒரு பாத்திரம், இரண்டு மேனி. நடுவே ஒரு கத்தரிக்கோல்.

அந்தக் கத்தரிக்கோலின் சாமர்த்தியத்தைச் சினிமாப் பிரியர் இன்றளவும் பேசுகின்றனர். அதே படத்தில் தோட்டத் தொழிலாளராகப் பின்னணியில் நிற்கும் மனிதரைப் பற்றிப் பேசுவார் எவருமிலர். கதை அவர்களுடையதன்று, ஆகவே அவர்கள் மரங்களோடும் மலைகளோடும் சேர்த்து எண்ணப்பட்டுவிட்டனர். ஆனால் படச் சுருளுக்கு ஒரு குணம் உண்டு. எவரைக் காட்டுவதற்காக அது ஓடியதோ அவரை மட்டும் அது பதிந்து கொள்வதில்லை. எதிரில் நின்ற எல்லாரையுமே பதிந்து கொள்கிறது. ஏற்கெனவே எடுக்கப்பட்ட படங்களிலிருந்து துண்டுகளை எடுத்துக் கோத்துப் புதிய படம் ஒன்றை ஆக்குவதென்னும் கலை, இந்தக் குணத்தை நம்பியே நிற்கிறது. மலைநாட்டு மக்களுக்கு இக்கலை மற்றெவரையும்விட அதிகம் பயன்படும் என்பது நமது துணிபு.

இதைப் புதிதாக எவருக்கும் கற்பிக்க வேண்டியதில்லை. வலப்பனையிலும் ராகலையிலும் உடப்புசல்லாவையிலும் உள்ள தோட்டத்து இளைஞர் கைத்தொலைபேசியிலேயே படங்களை வெட்டுகின்றனர், ஒட்டுகின்றனர், வேறு குரலை ஏற்றுகின்றனர். வடிவேலுவின் முகம் இன்று எத்தனை சந்தர்ப்பங்களுக்குப் பொருந்துகிறது! 2001இல் வெளிவந்த ‘பிரண்ட்ஸ்’ படத்தில் தலையில் சுத்தியல் விழுந்த கொந்தராத்துக்காரர் நேசமணி, பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2019இல், உலகமே நலம் விசாரிக்கும் நோயாளியானார். பெரியோர் இதை வீண் விளையாட்டென்று கடிந்து கொள்ளலாம். நாம் அவ்வாறு கடிய மாட்டோம். கை பழகியிருக்கிறது, அந்தக் கைக்கு ஏற்ற பொருள்தான் இன்னும் கிட்டவில்லை.

தமிழன் ஒருவன் இக்கலையை எவ்வளவு பெரிய காரியத்துக்குப் பயன்படுத்தினான் என்பதை நம் இளைஞரிற் பலர் அறியார். செட்டிநாட்டுக் கோட்டையூரிற் பிறந்த ஏ. கே. செட்டியார், தோக்கியோவிலும் நியூயோர்க்கிலும் புகைப்படக் கலை பயின்றவர். பின்னாளில் ‘குமரி மலர்’ நடத்தியவர். பயண நூல்களால் நமக்கு நெருங்கியவர். 1937ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகளின் பிறந்த நாளன்று, அமெரிக்காவிலிருந்து அயர்லாந்து நோக்கிச் சென்ற கப்பலில் அவருக்கு ஓர் எண்ணம் உதித்தது: காந்தியடிகளைப் பற்றி ஒரு முழுநீளச் செய்திப் படம் எடுக்க வேண்டும். எடுப்பதென்றால் எவ்வாறு? தென்னாபிரிக்கப் போராட்டம் முடிந்து கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. தண்டி யாத்திரை முடிந்து ஏழாண்டு. கடந்து போனதைப் படம் பிடிக்கும் கருவி எங்கும் இல்லை. ஆனால் அந்தந்த நாளில், அந்தந்த இடத்தில், எவனோ ஒருவன் படம் பிடித்திருக்கிறான். அந்தச் சுருள் எங்கோ ஓர் அலமாரியில் கிடக்கிறது. அதைத் தேடிப் புறப்பட்டார் செட்டியார்.

இந்தியா, தென்னாபிரிக்கா, ஐரோப்பா, அமெரிக்கா என்று அலைந்தார். செய்திப்படக் கம்பனிகளின் களஞ்சியங்களைக் குடைந்தார். முப்பதாண்டுக் காலத்தில் நூறு பேர் வரையில் வெவ்வேறு நோக்கங்களுக்காக எடுத்திருந்த படங்களிலிருந்து ஏறத்தாழ 50,000 அடி திரட்டினார். அவற்றை எடுத்தவர்களுள் காந்தியடிகளை மதித்தவரும் இருந்திருப்பர். வேடிக்கை மனிதராகக் கண்டு நகைத்தவரும் இருந்திருப்பர். நகைத்தவன் எடுத்த படமும் செட்டியாரின் கையில் வணக்கமாக மாறியது. 1940இல் ‘மகாத்மா காந்தி’ தமிழில் வெளிவந்தது. பிற்பாடு, 1953இல், அமெரிக்காவில் அதன் ஆங்கில வடிவமும் உருவாயிற்று.

இதன் பின்கதை வருத்தந் தருவது. அத்தனை பாடுபட்டுச் சேர்த்த படத்தின் தமிழ் மூலப்படி காணாமற் போயிற்று. நெடுங்காலத்தின் பின் ஆ. இரா. வேங்கடாசலபதியின் தேடலில் அமெரிக்காவிலிருந்து அகப்பட்டது ஆங்கில வடிவமே. உலகெங்கும் சிதறிக் கிடந்ததை ஒருவர் ஒன்று சேர்த்தார். ஒன்று சேர்ந்ததை நாம் தொலைத்தோம்.

செட்டியாருக்குப் பத்தாண்டு முன்னரே இதனை வேறொரு கோணத்திற் செய்து காட்டியவர் ருஷ்யப் பெண்மணி எஸ்பிர் ஷூப். ‘ரோமனோவ் வம்சத்தின் வீழ்ச்சி’ என்னும் அவரது படம் 1927இல் வெளிவந்தது. ஸார் மன்னன் தன் குடும்பத்தின் ஊர்வலங்களையும் விருந்துகளையும் கப்பற் பயணங்களையும் அரண்மனைப் படப்பிடிப்பாளரைக் கொண்டே எடுப்பித்து வைத்திருந்தான். ஷூப் அம்மையார் அந்தச் சுருள்களைத் தேடியெடுத்து, அரச குடும்பத்தின் ஆடலுக்குப் பக்கத்தில் உழைப்பாளியின் வியர்வையை வைத்தார். தன் பெருமைக்கென்று மன்னன் எடுப்பித்த படமே அவனுக்கெதிரான சாட்சியாயிற்று.

இவ்விரு உதாரணங்களையும் மனத்திற் கொண்டு நம் மலைகளுக்கு வருவோம். 1934இல் பஸில் ரைட் எடுத்த ‘சோங் ஒப் சிலோன்’ உலகப் புகழ் பெற்ற படம். பணம் கொடுத்தது இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. வர்ணனை, 1681இல் வெளிவந்த ரொபேட் நொக்ஸின் நூலிலிருந்து எடுக்கப்பட்டது. அதைப் பேசியவர் கொழும்பு லயனல் வென்ட். நான்கு பகுதிகள் கொண்ட அப்படத்தின் மூன்றாம் பகுதி வாணிபத்தைப் பற்றியது. காட்சியில் தீவின் உழைப்பு. ஒலியிலோ சந்தை விலையும் வணிகக் கடிதமும் தந்திச் செய்தியும். உழைப்பையும் விலையையும் இவ்வாறு எதிரெதிர் நிறுத்தியது ரைட்டின் மேதைமை, அதை மறுப்பதற்கில்லை. எனினும் கொழுந்து கொய்யும் பெண்ணின் குரல் அங்கே இல்லை. பிரித்தானியன் பேசுகிறான், பதினேழாம் நூற்றாண்டுக் கைதி பேசுகிறான், பங்குச் சந்தை பேசுகிறது. கூடை சுமந்தவள் மட்டும் பேசவில்லை.

அவள் பேசியிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று கற்பனை செய்யவும் வேண்டியதில்லை. பெரட்டுக்குப் போகையிலும் மலையில் நிற்கையிலும் பிள்ளையைத் தாலாட்டுகையிலும் அவள் பாடியவற்றைச் சி. வி. வேலுப்பிள்ளை திரட்டித் தந்திருக்கிறார். காட்சி பிறருடையதாயினும் ஒலி நம்முடையதாகலாம். அந்தக் காட்சியையும் இந்தப் பாட்டையும் ஒரே மேசையில் வைத்து இணைப்பதற்கு இன்று கூடம் வேண்டா, பெரும் பணம் வேண்டா.

நாமே எடுத்த படங்கள் இல்லையா என்று கேட்கலாம். இருந்தன. 1963இல் ‘தோட்டக்காரி’ வந்தது. வேறு சில முயற்சிகளும் நடந்தன. ஆனால் இந்நாட்டில் படச்சுருளைப் பேணும் வழக்கம் பலமாக இருந்ததில்லை. போதாக்குறைக்கு 1983 ஜூலையில் ஹெந்தளையில் விஜயா ஸ்டூடியோ எரிந்தபோது பல படங்களின் மூலச் சுருள்களும் சேர்ந்து எரிந்தன. அரசாங்கத் திரைப்படப் பிரிவு தொடங்கப்பட்டது 1948இல். நம் மக்களின் குடியுரிமையைப் பறித்த சட்டம் வந்ததும் அதே 1948இல். அரசின் கமெரா கண் விழித்த ஆண்டிலேயே அரசின் ஏடு நம்மை மறந்தது! 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்குரியவர் என்று கணக்கிட்டது. ரயிலேறித் தலைமன்னார் சென்று கப்பலேறியோரின் முகங்கள், எந்த நாட்டுச் செய்திப்படத்திலாவது ஓரிரு நிமிடமேனும் இருக்கக் கூடும். தேடினாலன்றோ தெரியும்!

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். வெட்டும் கருவி நல்லவன் கையிலும் இருக்கும், தீயவன் கையிலும் இருக்கும். 1940இல் ஜெர்மனியின் நாஜிகள் யூதரை இழிவு செய்ய எடுத்த படத்தில், பீட்டர் லோரே என்ற நடிகர் ‘எம்’ என்னும் கதைப் படத்தில் ஏற்ற கொலைகாரப் பாத்திரத்தின் காட்சியை வெட்டியெடுத்து, யூதரின் இயல்புக்குச் சான்று போலக் காட்டினார்கள். நடிப்பைச் சாட்சியாக்கிய கொடுமை அது. அதற்கு மறுபுறம், நாஜிப் படையின் கம்பீர அணிவகுப்பையே வெட்டி, முன்னும் பின்னுமாக ஓட்டி, ஓர் ஆங்கிலக் கேளிக்கை நடனத்துக்கு ஆட வைத்துச் சிரித்தார் சார்ள்ஸ் றிட்லி என்ற ஆங்கிலேயர். இரண்டும் வெட்டு ஒட்டுத்தான். முன்னது பார்ப்பவனை ஏமாற்றியது. பின்னது ஏமாற்றவில்லை, கேலி என்று தெரிந்தே மக்கள் சிரித்தனர். இல்லாத முகத்தையும் பேசாத பேச்சையும் இயந்திரமே உண்டாக்கித் தரும் இக்காலத்தில், இந்த வேறுபாட்டை மிகக் கண்டிப்பாகப் பேண வேண்டும். எந்தத் துண்டு எந்தப் படத்திலிருந்து, எந்த ஆண்டில், எவர் எடுத்தது என்பதைத் திரையிலேயே எழுதிக் காட்டுவது மரியாதை மட்டுமன்று. பார்ப்பவனுக்குத் தரும் கணக்குமாகும்.

பிறர் சொத்தைக் கையாளலாமா என்ற கேள்வியும் நியாயமானதே. 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டம் படைப்பாளிக்கு உரிய காப்பைத் தருகிறது. ஆய்வு, விமரிசனம், கல்வி முதலியவற்றுக்கு நியாயமான பயன்பாட்டையும் அனுமதிக்கிறது. பிற நாடுகளின் கணக்கு வேறு. கேட்டுப் பெற வேண்டியதைக் கேட்டுத்தான் பெற வேண்டும். இதில் நமக்குத் தயக்கமில்லை. ஆனால் சட்டம் எண்ணிப் பார்க்காத ஒன்றையும் சொல்லி வைக்கிறோம். படத்தை எடுத்தவனுக்கு உரிமை உண்டு; பணம் போட்டவனுக்கு உரிமை உண்டு; படத்தில் நின்றவளுக்கு? அவள் பெயரைக் கூட எவரும் குறித்து வைக்கவில்லை. தன் பாட்டியாக இருக்கக் கூடிய ஒருத்தியின் முகத்தைப் பார்ப்பதற்கு, பேரப்பிள்ளை அயல்நாட்டுக் காப்பகத்துக்கு நிமிடக் கணக்கிற் பணம் கட்ட நேர்வது முறையன்று. நம் பல்கலைக்கழகங்களும் பிரதிநிதிகளும் அந்தக் காப்பகங்களோடு பேசி, தோட்டங்களைப் பற்றிய சுருள்களின் படிகளையேனும் இங்கே வருவிக்க வேண்டும்.

கேட்டு வாங்குவது ஒரு பாதி. இருப்பதைக் காப்பது மறு பாதி. 2007 ஜனவரியில் வலப்பனையிலும் ஹங்குராங்கெத்தையிலும் மண் சரிந்து உயிர்கள் மாண்டபோது, அதைப் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்தவர்களின் கமெராக்களே கண்டன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைச் சிதைத்தபோது லயத்து மக்களின் கையிலேயே கமெரா இருந்தது. பிளந்த பாதையையும் புதைந்த வீட்டையும் அவர்களே பதிந்தார்கள். அயலானுக்கு விளக்கம் சொல்லும் குரலும் அவர்களுடையதே. ஆனால் தொலைபேசி உடைந்தால் அதுவும் போயிற்று. இடம் போதவில்லையென்று பிள்ளை அழித்தால் அதுவும் போயிற்று. வலப்பனைப் பிரதேசத்துப் பாடசாலை ஒன்றோ வாசிகசாலை ஒன்றோ முன்வந்து, எடுத்தவரின் சம்மதத்தோடு, தோட்டத்தின் பெயர், நாள், பேசியவர் யார் என்ற குறிப்புகளோடு அவற்றைச் சேகரித்து இரண்டு மூன்று இடங்களில் பிரதி வைத்தால் போதும். இதற்கு அமைச்சரின் கடிதம் தேவையில்லை. ஓர் ஆசிரியரும் நான்கு மாணவரும் ஒரு விடுமுறைக் காலத்தில் தொடங்கக் கூடிய வேலை. அடுத்த மழைக்காலத்துக்கு முன்னர் தொடங்க வேண்டிய வேலை.