பி.ஏ. என்றால் ஏன் குரல் தாழ்கிறது?

"மகன் என்ன படிக்கிறான்?" என்று கடைக்கு வந்தவர் கேட்டால், "இன்ஜினியரிங்" என்று சொல்லும்போது நமக்கு நெஞ்சு நிமிர்கிறது. "பி.ஏ. வரலாறு" என்று சொல்ல நேர்ந்தால் குரல் தாழ்கிறது. ஏன் சகோதரர்களே? இந்த வெட்கத்தை நமக்குக் கற்றுக்கொடுத்தது யார்?

இதற்கு நாம் கொடுத்துவரும் விலையைக் கணக்குப் பாருங்கள். வியாபாரிகளாகிய உங்களுக்குக் கணக்கு புதிதல்ல. 2006-இல் சச்சார் குழு அறிக்கை வந்தது. 2001 கணக்கெடுப்பின்படி நாட்டில் நாம் 13.4 சதவீதம். ஐ.ஏ.எஸ். அதிகாரிகளில் நாம் 3 சதவீதம், ஐ.பி.எஸ்.ஸில் 4, வெளியுறவுப் பணியில் 1.8! புறக்கணிப்பு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தேர்வில் என்ன கேட்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தோமா? வரலாறு, அரசமைப்புச் சட்டம், புவியியல், சமூகம், கட்டுரை... பெரும்பகுதி இதுதான். பொறியியல் பட்டதாரியும் அங்கே போய் இவற்றை முதலிலிருந்துதான் படிக்கிறான்.

2023-இல் என்.சி.இ.ஆர்.டி. பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்று நூலிலிருந்து முகலாய அரசவை பற்றிய பாடத்தை நீக்கியது. கொதித்தோம். கொதிக்க வேண்டியதுதான். ஆனால் பாடநூல் குழுவில் உட்கார்ந்து, ஆதாரத்தோடு மறுத்துப் பேசும் தகுதி உள்ள வரலாற்று ஆய்வாளர் உங்கள் மஹல்லாவில் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணுங்கள். விரல் மிச்சமாகும்!

தமிழக முஸ்லிம்களின் சமூக வரலாற்றைத் தேடுகிறவன் 1989-இல் சூசன் பெய்லி ஆங்கிலத்தில் எழுதிய நூலைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது. அவருக்கு நன்றி. காயல்பட்டினத்தானும் கீழக்கரையானும் எழுதக் கூடாது என்று யார் தடுத்தது? இலங்கையிலிருந்து ம.மு. உவைஸ் வந்தார். சீறாப்புராணத்தோடு நின்றுபோயிருந்த நம் இலக்கிய அறிவை, மறந்துபோன எத்தனையோ நூல்கள் வரை கொண்டு சென்றார். அவர் படித்தது தமிழ் இலக்கியம். "தமிழ் படித்து என்ன ஆகப் போகிறது?" என்று அவர் வீட்டில் தடுத்திருந்தால் நஷ்டம் யாருக்கு?

2025-இல் வக்ஃப் திருத்தச் சட்டம் வந்ததும் ஊர் ஊராகப் பழைய பத்திரங்களைத் தேட வேண்டியதாயிற்று. அந்தப் பத்திரத்தைப் படிக்க, கல்வெட்டைப் படிக்க, வழக்கில் வைத்து வாதாட ஆள் வேண்டாமா? கம்ப்யூட்டர் படித்த பிள்ளை அதை ஸ்கேன் செய்து தருவான், அவ்வளவுதான்.

"சோறு கிடைக்குமா?" என்கிறீர்கள். நியாயமான கேள்வி. பட்டம் வாங்கியதும் வேலை கதவைத் தட்டும் என்று நான் சொல்லவில்லை. பொறியியல் முடித்தவனுக்கும் அது தட்டவில்லை. சட்டம், ஆசிரியப் பணி, பத்திரிகை என்று வழிகள் உண்டு, காலம் பிடிக்கும். அந்தக் காலத்தைத் தாங்கக் கடை வைத்திருக்கிற உங்களால் முடியாவிட்டால் யாரால் முடியும்? நான்கு பிள்ளைகளில் ஒருவனை அனுப்புங்கள்!

மகளை மட்டும் பி.ஏ.வுக்கு அனுப்புகிறோம், நிக்காஹ் முடிவாகும் வரை. அவள் வாங்கும் மதிப்பெண்ணைப் பார்த்தாவது எம்.ஏ.வுக்கும் ஆய்வுக்கும் அனுப்பக் கூடாதா?

கல்வி உதவி வழங்கும் ஜமாஅத் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. மருத்துவம், பொறியியல் படிப்போர் மட்டும் விண்ணப்பிக்கலாம் என்று இந்த ஆண்டும் அச்சடிக்கப் போகிறீர்களா? அச்சகத்துக்குப் போகும் முன் வரலாறு, சட்டம், தமிழ், பொருளாதாரம் என்று இன்னொரு வரி சேர்த்துவிடுங்கள்.