இலை கொடுத்தவருக்குப் பதில் வேண்டும்: குலை நோய் மாதிரிகள் பற்றிய நிலைப்பாடு

நவரைப் பட்டத்துக்கு விதை எடுக்கும் நேரம் நெருங்கிவிட்டது. நெல்லைத் தாக்கும் குலை நோயின் மாதிரிக்காக மறுபடியும் வயலில் இறங்கலாமா என்று கேட்டு வருகிற ஆய்வாளர்களுக்கு வெம்பாக்கம் வட்டார நெல் விவசாயிகள் சங்கம் இதுவரை வாய்மொழியாகவே பதில் சொல்லிவந்தது. இனி எழுத்தில்.

மாதிரி எடுப்பதைச் சங்கம் எதிர்க்கவில்லை. கொள்கையளவில், தற்போதைக்கு, நிபந்தனைகளோடு ஆதரிக்கிறது. வரப்பிலேயே கால் வைக்க விடக்கூடாது என்ற உறுப்பினர்களும் உண்டு. மேற்கண்ட வாசகத்துக்கு அவர்களை இறங்கிவரச் செய்ய இரண்டு கூட்டங்கள் ஆயின.

இந்த மாதிரிகளை வைத்து நோய்ப் பூசணத்தின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் இனத்தொகை மரபியல் ஆய்வு வீண் வேலை என்று சங்கம் கருதவில்லை. குலை நோய்ப் பூசணம் வயலில் பெரும்பாலும் தன்னையே நகலெடுத்துப் பெருகுகிறது. ஆரணித் தறியில் ஒரே ஜக்கார்டு அட்டைத் தொகுப்பை வைத்து எத்தனை சேலை நெய்தாலும் அதே டிசைன்தான் விழும் என்பது போல. எதிரெதிர் இனச்சேர்க்கை வகைகள் இரண்டும் ஒரே இடத்தில் கூடினால் நிலைமை மாறலாம். இந்திய இமயமலைப் பகுதியில் அப்படி மரபுக் கலப்பு நடந்திருப்பதற்கான தடயங்களை குமார், நெல்சன், ஜீக்லர் ஆகியோரின் 1999ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. நகல் மட்டுமே பெருகும் வட்டாரத்தில், அந்த நகலைத் தடுக்கும் மரபணு உள்ள ரகம் சில ஆண்டுகளாவது தாக்குப்பிடிக்க வாய்ப்புண்டு. கலப்பு நடக்கும் இடத்தில் ஒற்றை எதிர்ப்பு மரபணுவை நம்பி விதைப்பது சூதாட்டம். பிபிடி 5204 ரகம் குலை நோய்க்கு எளிதில் சாயும் என்று தெரிந்தும், விலைக்காக அதை நட வேண்டியிருக்கிற விவசாயிக்கு இந்த வித்தியாசம் உயிர்நாடி.

ஆனால் மாதிரி எடுக்கும் லட்சணம்? ஜீப் நிற்கிற இடத்துக்குப் பக்கத்து வயல், ஒரு கைப்பிடி இலை, பாலித்தீன் பை, முடிந்தது. பையில் வியர்த்த இலை ஆய்வகம் சேர்வதற்குள் வேறு பூசணங்கள் ஏறிவிடும். ஓரம் பழுப்பாகவும் நடு சாம்பலாகவும் உள்ள கண் வடிவப் புள்ளிகள் கொண்ட இலையைக் காகித உறையில் உலர்த்தி வைக்க வேண்டும். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒற்றை வித்தைப் பிரித்து வளர்க்க வேண்டும். கழுத்துக் குலை வந்த கதிரிலிருந்தும் எடுக்க வேண்டும். ஏரிப் பாசனம், கிணற்றுப் பாசனம், ஏடிடி 37 ரகம், பிபிடி ரகம் என்று வயல்களைப் பிரித்துப் பல ஊர்களில் எடுக்க வேண்டும். ஒரே வயலின் இருபது இலைகளில் இருபதும் ஒரே நகலாக இருக்கலாம். அதை வட்டாரத்தின் நிலவரம் என்று எழுதுவது ஆய்வல்ல.

இதைவிடப் பெரிய குறை, முடிவு திரும்பி வராதது. கோயம்புத்தூரில் உருவான கோ 39 நெல், குலை நோய்க்கு எளிதில் இடம் கொடுக்கும் ரகம் என்பதால் உலக ஆய்வகங்களில் ஒப்பீட்டு நெல்லாக நிற்கிறது. எதிர்ப்பு மரபணுக்களை ஒவ்வொன்றாக ஏற்றிச் சோதிக்க பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் அதையே அடித்தளமாக எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டு நெல் உலகத்துக்கு உழைத்திருக்கிறது. ஆனால் இந்த வட்டாரத்தில் இலை கொடுத்த விவசாயிக்கு ஒரு குறுஞ்செய்திகூட வந்ததில்லை!

முடிவைத் திருப்பிச் சொல்வது முடியாத காரியமா? 2016 பிப்ரவரியில் வங்கதேசத்தில் கோதுமைக்குக் குலை நோய் வந்து, எட்டு மாவட்டங்களில் சுமார் 15,000 ஹெக்டேர் பாதிக்கப்பட்டது. தொஃபஸ்ஸல் இஸ்லாம், சோஃபியன் கமூன் ஆகியோரின் குழு வயலில் எடுத்த இலைகளிலிருந்தே பூசணத்தின் மரபுத் தகவலைப் படித்து, சில வாரங்களிலேயே எல்லோருக்கும் பொதுவில் வைத்தது. பல நாட்டு ஆய்வாளர்கள் அதைப் பிரித்துப் பார்த்து, பூசணம் தென் அமெரிக்கக் கோதுமை வயல்களின் வகையோடு நெருங்கியது என்று கண்டார்கள். மேற்கு வங்கத்தில் நதியா, முர்ஷிதாபாத் மாவட்டங்களில் நோய் பரவாமலிருக்க 2017இல் கோதுமை சாகுபடிக்கு விடுப்பு அறிவிக்கப்பட்டது. அந்த அவசரம் நெல்லுக்கு ஏன் இல்லை? கட்டுரை அச்சாகட்டும் என்பது பதிலல்ல. அதற்குள் மூன்று பட்டம் போய்விடும்.

மாதிரி வெளிநாடு போவதானால் 2002ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டப்படி நடக்க வேண்டும். மரபுத் தகவலைப் பொதுவில் வைக்கலாம். விவசாயியின் பெயரும் சர்வே எண்ணும் வெளியே வரக்கூடாது.

எனவே உறுப்பினர்கள் மாதிரி கொடுக்கும்முன் எழுத்தில் உறுதி கேட்க வேண்டும்: எத்தனை ஊர்களில் எடுக்கிறார்கள், எந்த எதிர்ப்பு மரபணு இங்கே நிற்கும், எது நிற்காது என்பதை எப்போது தமிழில் சொல்வார்கள் என்று. அடுத்த நாற்றங்கால் விடும்முன் பதில் தராத குழு எதுவானாலும், உறுப்பினர் வயலில் அதற்கு மறுமுறை அனுமதி இல்லை.