அழிக்கவும் மாறவும் ஒரே சொல்லா?

எழுதுபவருக்கு முந்தைய வரைவும் ஒரு சொத்து. அடித்துவிட்ட வரியே சில நாள் கழித்துச் சரியென்று தோன்றும். அதைக் காத்துத் தரும் கருவிகள் நிரலாளர்களிடம் உண்டு. அவற்றுள் முதன்மையானது கிட். லினக்ஸ் கெர்னலின் வளர்ச்சிக்காக 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதியது.

கருவி வலியது, அதன் கட்டளை மொழிதான் கரடுமுரடு. 'செக்அவுட்' என்னும் கட்டளை ஒரு கிளையிலிருந்து மறு கிளைக்கு மாற உதவும். அதே கட்டளையோடு கோப்பின் பெயரைச் சேர்த்தால், பதிவுக்கு எடுத்து வைக்காத திருத்தங்களை ஒரு வார்த்தையும் கேளாமல் அழித்துவிடும். இவ்விரு வேலைகளுக்கும் 'ஸ்விட்ச்', 'ரெஸ்டோர்' எனத் தனித்தனிக் கட்டளைகள் வந்தது 2019இல்தான். பதினான்கு ஆண்டுகள்!

கற்றுக்கொள்ளாதது பயனரின் சோம்பல் என்பார் சிலர். நான் ஒப்பமாட்டேன். விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு திருத்தமும் நாள், நேரத்தோடு நிற்கிறது. இரு பதிப்புகளை ஒப்பிடலாம், பழையதற்குத் திரும்பலாம். கட்டளை எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அங்கே கிளைகள் இல்லை என்பது மெய்யே. ஆனால் நாவலொன்றைத் திருத்துபவர்களுள் எத்தனை பேருக்குக் கிளைகள் வேண்டும்?

எளிமையாக்கல் என்பது பழைய கட்டளைகளின் மேல் பொத்தான்களை ஒட்டுவதன்று. பாதுகாத்து வை, வேறுபாட்டைக் காட்டு, பழையதைக் கொண்டுவா என, பயனர் நினைப்பதையே கட்டளையின் பெயராக்குவது. அழிக்குமுன் ஒருமுறை கேட்பது. அதுவரை நம் கோப்புறைகளில் 'இறுதி', 'இறுதி-2', 'உண்மையான இறுதி' என்று கோப்புகள் பெருகிக்கொண்டேதான் இருக்கும்.