தோண்டியவரே எழுதட்டும்: அகழாய்வு அறிக்கைகள் குறித்து எங்கள் அமைப்பின் நிலைப்பாடு

கீழடி அறிக்கையை இந்தியத் தொல்லியல் துறை திருப்பி அனுப்பியதும், அடுத்த மாதமே அங்கே தோண்டி அதை எழுதிய அமர்நாத் ராமகிருஷ்ணாவைக் கிரேட்டர் நொய்டாவுக்கு மாற்றியதும் உறுப்பினர்கள் அனைவருக்கும் தெரிந்த கதை. அதை இங்கே மறுபடி விரிக்கப் போவதில்லை. எல்லா ஊரிலும் பேசுகிறார்கள், நாம் மட்டும் ஏன் வாய் திறக்கவில்லை என்று ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டு கிளைகளிலிருந்தும் கேட்டிருந்தீர்கள். கேட்டது நியாயம். செயற்குழு கூடியது, வாதம் நீண்டது, ஒரே கூட்டத்தில் முடியவில்லை. அரசுப் பணியில் இருப்பவர்களும், கல்லூரிகளில் வரலாறு நடத்துபவர்களும், பருவத்துக்குப் பருவம் குழிகளில் கூலிக்கு நிற்கும் பட்டயதாரிகளும் சேர்ந்த அமைப்பு இது. எல்லாரும் கையெழுத்திடக்கூடிய வாசகம் என்று எதை எழுதினாலும் யாராவது ஒருவருக்குக் காரம் கூடும், இன்னொருவருக்குக் குறையும். அதை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

முதலில், எதைப் பற்றி எங்களுக்கு நிலைப்பாடு இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறோம். கீழடியின் அடிமட்டக் காலம் அறிக்கையில் உள்ளபடி கி.மு. 8 முதல் 5ஆம் நூற்றாண்டா, அல்லது துறையின் கடிதம் சொல்வதுபோல் அதிகம் போனால் கி.மு. 300க்குச் சற்று முந்தியதா என்பதில் இந்த அமைப்பு தீர்ப்புச் சொல்லவில்லை. உறுப்பினர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. காலத்தைக் கைதூக்கி வாக்கெடுத்து முடிவு செய்ய முடியாது. பழமை கூடினால் தமிழருக்குப் பெருமை கூடும் என்ற கணக்கும் எங்களுடையதல்ல. (இந்த வாக்கியத்தை நீக்கச் சொன்னவர்கள் இருந்தார்கள். நீக்கவில்லை.)

நாங்கள் பேச வந்தது வேறு. ஓர் அகழாய்வின் அறிக்கையை எழுதும் உரிமை யாருக்கு? எழுதி முடித்த அறிக்கை யார் மேசையில், எத்தனை நாள் கிடக்கலாம்?

ஒரு மேட்டை ஒரே ஒரு முறைதான் தோண்ட முடியும். கல்வெட்டு என்றால் இன்று ஒருவர் தவறாகப் படித்தாலும் நாளை இன்னொருவர் மைப்படி எடுத்துத் திருத்தலாம், கல் அங்கேயே இருக்கும். குழி அப்படியல்ல. பத்து மீட்டர் சதுரத்தை நான்கு கால்குழிகளாகப் பிரித்து, நடுவே மண்சுவர் விட்டு, அடுக்கடுக்காகக் கீறி இறங்கும்போது, படிக்கிற பக்கத்தையே கிழித்துப் போட்டுக்கொண்டு போகிறோம். மிஞ்சுவது குறிப்பேடும், வரைபடமும், புகைப்படமும், அந்தக் குழிக்குள் நின்றவரின் நினைவும்தான். காலையில் ஈரத்தோடு பார்க்கும்போது தெரிந்த நிற வேறுபாடு மதிய வெயிலில் மறைந்துவிடும். பின்னாளில் யாரோ வெட்டிய குப்பைக்குழி பழைய அடுக்குக்குள் இறங்கியிருக்கும். அந்த வெட்டைக் கண்டுகொள்ளாவிட்டால் நேற்றைய காசு முந்தாநாள் மண்ணில் கிடந்ததாகப் பதிவாகும். இதையெல்லாம் சரிபார்த்தது குழியில் நின்ற கண். டெல்லியில் இருந்துகொண்டு பக்கம் புரட்டுகிறவரின் கண் அல்ல.

கரிமக் காலக்கணிப்பு வந்துவிட்டதே, இனி ஆள் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கீழடியில் மாநிலத் தொல்லியல் துறை 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரிக்குக் கி.மு. 580 என்ற காலம் கிடைத்ததாக 2019இல் அறிவிப்பு வந்தது. அமெரிக்க ஆய்வகம் சொன்னது அந்த மாதிரியின் வயதை. அது எந்த மண்ணடுக்கில், எந்தப் பானை ஓட்டோடு, கலைந்த மண்ணிலா கலையாத மண்ணிலா கிடந்தது என்பதை ஆய்வகம் சொல்லாது. அதைச் சொல்லக் குறிப்பேடு வேண்டும். குறிப்பேட்டைப் படித்துச் சொல்ல, அதை எழுதியவர் வேண்டும்.

துறையின் கடிதத்தில் ஒரு கேள்வி நியாயமானது என்று மூத்த உறுப்பினர்கள் சிலர் வற்புறுத்தினார்கள். ஆழத்தை மட்டும் குறித்தால் போதாது, மண்ணடுக்கு எண்ணும் வேண்டும் என்பது அது. தொழில் தெரிந்த யாரும் கேட்கக்கூடிய கேள்விதான், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அறிக்கை கையளிக்கப்பட்டது 2023 ஜனவரியில். கேள்வி வந்தது 2025 மே மாதத்தில். 982 பக்கத்தைப் படிக்க இரண்டு ஆண்டுக்கு மேல் ஆனது என்றே வைத்துக்கொள்வோம். அமர்நாத் சில நாட்களுக்குள் பதில் அனுப்பினார். ஜூனில் மாறுதல் உத்தரவு வந்தது. இவை ஒன்றுக்கொன்று தொடர்புடையவை என்று இந்த அமைப்பு உறுதியாகக் கூறவில்லை. தொடர்பே இல்லை என்று நம்பச் சொல்லி எங்களைக் கேட்காதீர்கள், அவ்வளவுதான். 2017இல் கீழடியின் இரண்டு பருவம் முடிந்த கையோடு அவரை அசாமுக்கு அனுப்பியபோதும் நிர்வாகக் காரணம் என்றுதான் சொன்னார்கள். மூன்றாம் பருவத்தை வேறொருவர் தோண்டினார். ஒரே மேட்டுக்கு இரண்டு கைகள், இரண்டு பார்வைகள். இந்தக் குழப்பத்தை உண்டாக்கியவர்களே இன்று தெளிவு போதவில்லை என்கிறார்கள்.

கருத்து வேறுபாடு இருந்தால் ஒழுங்கான வழி ஒன்று இருக்கிறது. அறிக்கையை அவர் எழுதியபடி அச்சிடுங்கள். நிபுணர்களின் மறுப்பை அவர்கள் பெயரோடு பின்னிணைப்பாகச் சேருங்கள். படிக்கிறவர்கள் எடைபோட்டுக்கொள்வார்கள். அச்சேறாத அறிக்கையை யாராலும் மறுக்கக்கூட முடியாது. நமக்குத் தெற்கே ஆதிச்சநல்லூரில் 2004–05இல் தோண்டியதன் அறிக்கைக்காகப் பத்தாண்டுகளுக்கும் மேல் காத்திருந்தோம், நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. அந்தத் தலைமுறையில் படித்த மாணவர்கள் செய்தித்தாள் துணுக்கை மேற்கோள் காட்டி ஆய்வேடு எழுதினார்கள்.

வெளியே எப்படி என்று இளைய உறுப்பினர்கள் கேட்டதால் ஓர் எடுத்துக்காட்டு. அயர்லாந்தில் 1930ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26ஆம் பிரிவு அகழாய்வு உரிமத்தை ஒரு தொல்லியலாளரின் பெயரிலேயே தரும் வழக்கத்துக்கு அடிப்படையாக அமைந்தது. பொறுப்பு அவருடையது, அறிக்கை தரும் கடமையும் அவருடையது. நிறுவனம் மாறினாலும் அந்தக் கடமை அவரை விட்டுப் போவதில்லை. 1970 முதல் அங்கே நடந்த அகழாய்வுகளின் சுருக்கங்கள் ஆண்டுவாரியாக, தோண்டியவரின் பெயரோடு வெளியாகின்றன. 2001 முதல் தொல்லியலாளர்களுக்கென்று தொழில்முறைக் கழகமும் நடத்தை நெறியும் இருக்கின்றன. அங்கும் எல்லாம் பால்கோவா அல்ல. நெடுஞ்சாலைப் பணிகளால் பெருகிய வேலை 2008 பொருளாதாரச் சரிவில் சரிந்து, ஏராளமானோர் தொழிலை விட்டே போனார்கள். தனியார் நிறுவனங்கள் எழுதிய அறிக்கைகளில் பல புத்தகமாகாமல் கோப்பிலேயே கிடக்கின்றன. இருந்தாலும் யார் தோண்டினார் என்ற கேள்விக்கு அங்கே பதில் உண்டு.

இங்கே உண்டா? வெம்பக்கோட்டையை எடுத்துக்கொள்வோம். வைப்பாற்றங்கரையில் விஜயகரிசல்குளத்து மேட்டில் 2022 மார்ச் முதல் மாநிலத் துறை மூன்று கட்டமாகத் தோண்டியது. சங்கு வளையல்கள், கண்ணாடி மணிகள், சுடுமண் உருவங்கள், திமில் காளை செதுக்கிய சூதுபவளம் எனப் பலவும் கிடைத்தன; முதலிரண்டு கட்டங்களில் மட்டும் 7,900க்கும் மேற்பட்ட பொருட்கள். நம் உறுப்பினர்களில் பலர் அந்த மேட்டைப் பார்த்தவர்கள், சிலர் வெவ்வேறு குழிகளில் வேலையும் செய்தவர்கள். மணி கிடைத்த அன்றே படம் வலைத்தளத்தில் வருகிறது, அமைச்சர் பெயர் வருகிறது. சல்லடையில் அந்த மணியைக் கண்டெடுத்த பெண்ணின் பெயர் வருவதில்லை. பட்டாசு ஆலைக்குப் போகாத நாளில் குழிக்கு வந்தவர் அவர். கன்னிமண் வரை இறங்கிய மேற்பார்வையாளர் ஒப்பந்தம் முடிந்ததும் குறிப்பேட்டைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். அந்தக் குறிப்பேட்டுக்கு என்ன ஆனது என்று அவர் கேட்டால், “நீங்கள் யார்?” என்ற பதில்தான் வருகிறது. ஓர் உறுப்பினருக்கு இது நேர்ந்திருக்கிறது. எந்த இடம், எந்த அலுவலகம் என்று குறிப்பிட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால் விடுகிறோம். அடுத்த பருவமும் அவருக்கு வேலை வேண்டுமல்லவா?

ஆகவே டெல்லியைக் கேட்பதையே சென்னையையும் கேட்கிறோம். கீழடிக்காகக் குரல் கொடுக்கும் மாநில அரசு, தன் அகழாய்வுகளில் ஒவ்வொரு கட்டத்துக்கும் அறிக்கை வெளியாகும் நாளை முன்கூட்டியே அறிவிக்கட்டும். இதில் மாநிலத் துறையின் அண்மைக்கால உழைப்பைக் குறைத்து மதிப்பிடும் நோக்கம் எங்களுக்கு இல்லை என்பதையும் பதிவு செய்யுமாறு செயற்குழு கேட்டுக்கொண்டது. பதிவு செய்கிறோம்.

மற்றவை சுருக்கமாக. 2020இல் கிரேட்டர் நொய்டாவிலுள்ள தொல்லியல் நிறுவனத்தின் பட்டயப் படிப்புக்கான தகுதிப் பட்டியலில் தமிழை விட்டுவிட்டுப் பிறகு சேர்த்ததை மறக்கவில்லை. மூவரைவென்றான் குடைவரை போன்ற இடங்களைப் பார்த்துக்கொள்ளப் போதிய ஆள் வேண்டும். புலிகள் காப்பகமாகிவிட்ட மலையடிவாரத்தில் கள ஆய்வுக்குப் போக எளிய அனுமதி முறை வேண்டும். தினக்கூலி குறித்துத் தனியாகப் பேசுவோம்.

மாநில அரசே தோண்டினாலும் மத்திய அரசின் முன்அனுமதி வேண்டும் என்கிறது 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு. அனுமதியில் காட்டும் கண்டிப்பை அறிக்கையிலும் காட்டுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை. கையளித்த அறிக்கை ஓராண்டுக்குள் அச்சாக வேண்டும். அது அச்சாகும்வரை எழுதியவரை இயன்றவரை மாற்றக் கூடாது. ‘இயன்றவரை’ என்ற சொல்லைச் சேர்த்த பிறகே இந்த வரிக்குப் பெரும்பான்மை கிடைத்தது. அது இல்லாமலே இருந்திருக்க வேண்டும் என்பது சிறுபான்மையினர் கருத்து. குழி மேற்பார்வையாளர், வரைவாளர், தொழிலாளர் பெயர்கள் அறிக்கையில் இடம்பெற வேண்டும் என்பது மட்டும் ஒருமனதாக நிறைவேறியது.

அடுத்த பருவத்தில் குழிக்குப் போகும் நம் உறுப்பினர்கள் குறிப்பேட்டை ஒப்படைக்கும்போது பக்க எண்ணிக்கை, தேதியோடு ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்க வேண்டும். தர மறுத்தால் உங்கள் கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள். உங்கள் பெயர் வெளியே வராமல் அமைப்பே எழுதிக் கேட்கும்.

செயற்குழுவுக்காக,
ஸ்ரீவில்லிபுத்தூர், ஜூலை 2025