மனத்தின் மேடு பள்ளத்தை அளக்கலாமா?

நீளத்தை அளக்க மீட்டர்க் கோல் உண்டு. வெப்பநிலையை அளக்க வெப்பமானி உண்டு. 'சில கூட்டத்தார் மேலேயும் சிலர் கீழேயும் இருப்பதே முறை' என்னும் எண்ணம் ஒருவர் மனத்தில் எவ்வளவு ஊறியிருக்கிறது என்பதை அளக்க முடியுமா? 'மனத்தையாவது, அளப்பதாவது!' என்று சிரிப்போர் பலர். பௌதிகம் கற்பிக்கும் நான் அவர்கள் கட்சியில் இல்லை.

வெப்பநிலையை நாம் கண்ணால் காண்பதில்லை. பாதரசம் விரிவதைக் கொண்டு அறிகிறோம். மனப்பான்மையையும் அதன் விளைவைக் கொண்டே அறிய வேண்டும். 1994-இல் அமெரிக்க உளவியலார் ஃபெலிசியா பிராட்டோ, ஜிம் சிடானியஸ் முதலியோர் 'சமூக ஆதிக்க நாட்டம்' என்பதை அளக்க ஒரு வினாத்தாளை வெளியிட்டனர். அதில் 16 கூற்றுகள். ஒரு கூற்று அறவே பிடிக்கவில்லை என்றால் 1. மிகவும் பிடித்தால் 7. பாதிக் கூற்றுகள் ஏற்றத்தாழ்வை ஆதரிப்பவை. மறுபாதி சமத்துவத்தை ஆதரிப்பவை. பின்னவற்றின் எண்களைத் தலைகீழாக்கிச் சராசரி காண்பார்கள்.

ஏன் இந்த ஏற்பாடு? எதைக் கேட்டாலும் 'ஆமாம்' என்று தலையாட்டுவோர் உண்டல்லவா? தராசின் இரு கைகளும் சமமில்லையோ என்று ஐயம் எழுந்தால், பொருளை இடத் தட்டில் ஒரு முறையும் வலத் தட்டில் ஒரு முறையும் வைத்து நிறுக்கிறோம். இதுவும் அத்தகைய உபாயமே.

ஆயினும் எந்தக் கருவிக்கும் ஓர் எல்லை உண்டு. சீனர்மீது வெறுப்பு மிகுந்திருந்த அந்நாளைய அமெரிக்காவில், சமூகவியலார் ரிச்சர்ட் லாபியர் ஒரு சீனத் தம்பதியுடன் பயணம் செய்தார். அவர்கள் சென்ற 251 விடுதிகளிலும் உணவகங்களிலும் இடம் தர மறுத்தது ஒன்றே ஒன்று. பின்னர், 'சீனர்களை ஏற்பீர்களா?' என்று அவ்விடங்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். பதில் எழுதியோரில் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் 'மாட்டோம்' என்றனர்! 1934-இல் இதனை அவர் வெளியிட்டார். தாளில் எழுதுவது வேறு. ஆளை எதிரில் கண்டு நடப்பது வேறு.

ஆகவே, ஒருவர் பெற்ற எண்ணைக் கொண்டு அவர்மேல் முத்திரை குத்துவது விஞ்ஞானம் அன்று. பலருடைய விடைகளை ஒப்பிட்டு, அவர்களுடைய செயலோடும் பொருத்திப் பார்த்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு.

அதற்காக அளக்காமலே விட்டுவிடலாமா? கூடாது. காய்ச்சலை அளக்காவிட்டால் காய்ச்சல் இல்லை என்று ஆகிவிடாது. 'இப்போதெல்லாம் யார் உயர்வு தாழ்வு பார்க்கிறார்கள்?' என்று எவரேனும் சொன்னால், 'எப்படி அளந்தீர்கள்?' என்று பணிவுடன் கேளுங்கள். அந்தக் கேள்வியை முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.